நியூ வேகாஸ்: வடக்கே போனாலே சாவு, திரும்ப முதலிலிருந்து ஆடணுமா?

கருப்பட்டிகாபி:

வணக்கம் மக்களே. டிவி தொடரைப் பார்த்த ஆசையில், அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ஃபால்அவுட் நியூ வேகாஸ் கேமை வாங்கினேன். 2010-இல் வந்த கேம், உன் பழைய லேப்டாப்பிலும் ஓடும், கதைக்காகவே ஆடலாம் என்று ஆபீஸில் ஒருவர் உசுப்பேற்றிவிட்டார். சனி, ஞாயிறு சேர்த்து ஏழு மணி நேரம் உட்கார்ந்தேன். அதில் நாலு மணி நேரம் செத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கட்டம்போட்ட கோட்டுக்காரன் ஒருத்தன் நம்மைத் தலையில் சுட்டுப் புதைக்கிறான், ரோபோ ஒன்று தோண்டி எடுக்கிறது, குட்ஸ்பிரிங்ஸ் டாக்டர் வீட்டில் கண் விழிக்கிறோம். நாய் வளர்க்கும் அந்தப் பெண் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள், பாட்டில் சுட்டேன், பல்லி சுட்டேன், அதுவரை எல்லாம் சரி. அப்புறம் ராத்திரி கல்லறைக் குன்றில் ஏறி நின்றால் தூரத்தில் வேகாஸ் வெளிச்சம், நடுவில் உயரமாக ஒரு கோபுரம். நம்மைச் சுட்டவன் அங்கேதான் இருப்பான் என்று நேராக வடக்கே நடையைக் கட்டினேன். ஆரஞ்சு இறக்கை வைத்த குளவி மூன்று வந்தது. ஒரே கொட்டு, விஷம் ஏறி ஸ்டிம்பேக் (உயிர் ஏற்றும் ஊசி) வேலை செய்வதற்குள் கதை முடிந்தது. சரி, குன்று வழி வேண்டாம், நெடுஞ்சாலையிலேயே போகலாம் என்று ஐ-15 பிடித்துப் போனால் ஸ்லோன் தாண்டி கொம்பு வைத்த ராட்சதப் பல்லிகள். அது டெத்கிளாவாம். நான் சுட்ட குண்டு அதற்குக் கொசுக்கடி மாதிரிகூட இல்லை. எண்ணிப் பார்த்தேன், பதினாலு சாவு.

நான் செய்து வைத்திருக்கும் ஆளின் ஏழு குணங்களுக்குப் போட்ட பாயிண்ட்: ஸ்ட்ரெங்த் 9, பெர்செப்ஷன் 6, எண்டியூரன்ஸ் 8, கரிஸ்மா 1, இன்டெலிஜென்ஸ் 3, அஜிலிட்டி 7, லக் 6. சண்டைக்கு இதுதான் சரி என்று நினைத்தேன். இப்போது லெவல் 4. பையில் ஏழு துப்பாக்கி, தட்டு, கரண்டி, காலி டப்பா எல்லாம் இருக்கிறது, காசு மட்டும் 60 மூடி (இந்த உலகத்தில் பாட்டில் மூடிதான் காசு). கெத்தாக இருக்கும் என்று பசி, தாகம் எல்லாம் கணக்கில் வரும் ஹார்ட்கோர் மோட் வேறு போட்டுவிட்டேன், தாகத்தில் ஒரு கக்கூஸில் தண்ணீர் குடித்துக் கதிர்வீச்சு ஏறியது தனிக்கதை.

ஆள் சரியில்லையா, ஆடுகிறவன் சரியில்லையா? முதலிலிருந்து தொடங்கணுமா?

மணல்காற்று:

தெற்கே போங்கள் ப்ரோ. அவ்வளவுதான் பதில்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இப்போது வருகிற பல கேம்களில் நாம் லெவல் 4 என்றால் எதிரியும் அதற்கேற்றபடி இறங்கி வருவான், எந்தப் பக்கம் போனாலும் சமாளிக்கலாம். இங்கே அப்படி இல்லை. ஸ்லோன் பக்கத்துக் கல்குவாரியில் டெத்கிளா இருக்கிறது என்றால் நீங்கள் லெவல் 1-இல் போனாலும் இருக்கும், 20-இல் போனாலும் இருக்கும். அது உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, அங்கே குடியிருக்கிறது. இந்தப் பக்கம் இப்போது வராதே என்று கேம் சொல்லும் விதமே அதுதான். சும்மாவும் சொல்லவில்லை, வாய்விட்டே சொல்கிறது. குட்ஸ்பிரிங்ஸ் சலூனில் ட்ரூடியிடம் உங்களைச் சுட்ட கும்பலைப் பற்றிக் கேட்டீர்களா? வடக்கே ஐ-15 ஆபத்து, அதனால் அவர்கள் சுற்றித்தான் போயிருக்க வேண்டும் என்பது அவள் பேச்சிலேயே வரும். ஸ்லோனில் அந்தக் குவாரி மேஸ்திரியும் எச்சரிப்பார். நீங்கள் பேச்சை எல்லாம் தட்டித் தட்டித் தாண்டியிருப்பீர்கள், சரியா?

வழி இதுதான். குட்ஸ்பிரிங்ஸிலிருந்து தெற்கே பிரிம், அங்கிருந்து மொஹாவி அவுட்போஸ்ட் (இரண்டு பேர் கைகுலுக்கும் பெரிய சிலை நிற்கும், ரொம்ப தூரத்திலிருந்தே தெரியும்), பிறகு கிழக்கே நிப்டன், வடக்கே திரும்பி நோவாக், 93-ஆம் சாலையில் போல்டர் சிட்டி, கடைசியில் வேகாஸ். பார்க்கப் பெரிய சுற்று. ஆனால் வேகாஸ் வாசலுக்குப் போய்ச் சேரும்போது யார் யாரோடு சண்டை, ஏன் எல்லோரும் ஹூவர் அணைக்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பது உங்களுக்கே புரிந்திருக்கும்.

முட்டைபோண்டா:

வடக்கே போகவே முடியாது என்று யார் சொன்னது? நான் லெவல் 2-இல் போயிருக்கிறேன். ஒரு ஸ்டெல்த் பாய் (ஆளை மறைக்கும் கருவி) வைத்துக்கொண்டு குவாரிக்கும் பிளாக் மவுண்டனுக்கும் நடுவில் பாறையை ஒட்டியே குனிந்து குனிந்து போனால் போய்விடலாம். போனேன், வேகாஸையும் பார்த்தேன். ஸ்ட்ரிப் (வேகாஸின் கேசினோ தெரு) கேட்டில் நிற்கும் ரோபோ கையில் 2000 மூடி இருக்கிறதா என்று கேட்டது. என்னிடம் 38 இருந்தது.

கருப்பட்டிகாபி:

@முட்டைபோண்டா 😂😂

@மணல்காற்று ஆமாம், பேச்சைத் தாண்டித்தான் போனேன், ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலம் வேகமாகப் போகிறது, பாதி பிடிபடவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். தெற்கே சுற்றிக்கொண்டிருந்தால் மெயின் கதை தள்ளிப்போகாதா? என்னைச் சுட்டவன் வேகாஸில்தானே இருக்கிறான்?

ராக்கோழி:

தம்பி, முதலில் செட்டிங்ஸில் சப்டைட்டிலை ஆன் பண்ணு. அது இல்லாமல் இந்தக் கேமை ஆடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிற மாதிரி.

கதை தள்ளிப்போகாது. சுட்டவன் போன தடத்தைப் பிடித்துத்தான் நீ போகிறாய். பிரிம் ஊரில் துணை ஷெரிஃப் ஒருவரைக் கைதிகள் ஓட்டலுக்குள் கட்டி வைத்திருப்பார்கள், அந்தக் கும்பல் எந்தப் பக்கம் போனது என்று அவருக்குத் தெரியும். அதுதான் மெயின் குவெஸ்டே.

உன் ஆளைப் பற்றி. எல்லோரும் திரும்பத் தொடங்கு என்பார்கள், நான் சொல்ல மாட்டேன். கரிஸ்மா 1 வைத்ததில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, இந்தக் கேமில் அதுதான் ஏழு குணத்திலும் சோப்ளாங்கி. பேச்சில் ஜெயிப்பது கரிஸ்மாவால் இல்லை, ஸ்பீச் என்ற ஸ்கில்லால். எண்டியூரன்ஸ் 8 தெரியாமல் வைத்திருந்தாலும் நல்ல காரியம், ஏனென்றால் வேகாஸுக்கு வெளியே ஒரு கிளினிக் இருக்கிறது, அங்கே உடம்பில் இம்ப்ளாண்ட் வைப்பார்கள், எத்தனை வைக்கலாம் என்பது எண்டியூரன்ஸ் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு குணத்தை ஒன்று ஏற்ற 4000 மூடி ஆகும். காசு எங்கே என்று கேட்காதே, உன் லக் 6. அதையும் ஒன்று ஏற்றிக்கொண்டு கேசினோவில் பிளாக்ஜாக் மேசையில் உட்கார், இனிமேல் இங்கே ஆடாதே என்று அவர்களே கையெடுத்துக் கும்பிடும் வரை ஜெயிப்பாய். நிஜ வாழ்க்கையில் யாரும் இதை முயற்சி பண்ண வேண்டாம்.

உதைக்கிற ஒரே இடம் இன்டெலிஜென்ஸ் 3. ஒவ்வொரு லெவலுக்கும் கிடைக்கும் ஸ்கில் பாயிண்ட் என்பது 10, அதோடு இன்டெலிஜென்ஸில் பாதி. உனக்கு சராசரி பதினொன்றரை. 9 வைத்தவனுக்குப் பதினாலரை. லெவல் 30 வரை போனால் 29 தடவை ஏறுகிறாய், கணக்குப் போட்டால் 87 பாயிண்ட் வித்தியாசம். ஒரு முழு ஸ்கில்லே கிட்டத்தட்ட போச்சு. ஆனாலும் ஆட முடியாது என்று அர்த்தம் இல்லை, நாலு ஸ்கில்லை மட்டும் பிடித்துக்கொள், மீதியைத் தொடாதே. கன்ஸ், ரிப்பேர், ஸ்பீச், அப்புறம் லாக்பிக் அல்லது சயன்ஸ் ஏதாவது ஒன்று.

ஸ்பீச் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முந்தைய ஃபால்அவுட் 3-இல் பேச்சு பலிக்குமா என்பது சதவீதக் கணக்கு, தோற்றால் சேவ் போட்ட இடத்தை லோட் பண்ணி மறுபடி மறுபடி சொல்லிப் பார்க்கலாம். இங்கே நேர்க் கணக்கு. 30 வேண்டும் என்றால் 30 வேண்டும், 29 வைத்துக்கொண்டு நூறு தடவை லோட் பண்ணினாலும் பலிக்காது. ஆனால் எவ்வளவு குறைகிறது என்று முன்கூட்டியே காட்டிவிடும். பத்து பாயிண்ட்டுக்குள் என்றால் பையில் இருக்கும் ஸ்கில் பத்திரிகை ஒன்றைப் படித்துவிட்டுப் பேசு, கொஞ்ச நேரத்துக்குப் பத்து ஏறும். பத்திரிகையை யாரும் வீணாக்காதீர்கள். குறைவான ஸ்பீச்சில் சொல்லப் பார்க்கும் வசனத்தையும் ஒரு தடவை படித்துப் பார், நம் ஆள் உளறுவதற்கென்றே தனியாக எழுதியிருக்கிறார்கள். சண்டையில் தோற்றால் வராத சிரிப்பு அதில் வரும்.

தட்டு, கரண்டி, காலி டப்பா எல்லாவற்றையும் கீழே போடு. எங்கள் வீட்டுப் பரணில்கூட இவ்வளவு இல்லை. எடுக்கும் முன் எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று இரண்டையும் பார். போருக்கு முந்தைய டாலர் கட்டுக்கு எடையே கிடையாது, கண்ணில் பட்டால் எடு. சிகரெட் பாக்கெட் எடு. ஏழு துப்பாக்கியும் ஒரே ரகமா? அப்படியென்றால் ஒன்றை வைத்து இன்னொன்றை ரிப்பேர் பண்ணி நல்லதாக ஒன்று வைத்துக்கொள், மிச்சத்தை வித்துவிடு. துப்பாக்கி தேயத் தேய அடியின் வேகமும் குறையும், டெத்கிளாவுக்குக் கொசுக்கடியாகப் போனதில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். (பெரிய பங்கு இல்லை. அது டெத்கிளா.)

மணல்காற்று:

ராக்கோழி அக்கா சொன்னதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். முதல் தடவை ஆடுகிறவருக்கு இன்டெலிஜென்ஸ் 3 வேண்டாம், லெவல் 4 தானே, மூன்று மணி நேர வேலை, புதிதாகத் தொடங்கிவிடலாம். அந்த 87 பாயிண்ட் முக்கியம்.

ராக்கோழி:

மூன்று மணி நேரமா? மறுபடி அதே பல்லியைச் சுடச் சொல்கிறாயா? ஆள் அலுத்துப்போய் கேமையே அழித்துவிடுவான். குறையோடு ஒருத்தனை வைத்துக்கொண்டு ஓட்டுவதில்தான் சுவை. எல்லாம் தெரிந்த ஆளை மூன்றாவது தடவை ஆடும்போது செய்துகொள்ளட்டும். எப்படியும் மூன்றாவது தடவை ஆடுவான், நாம் எல்லோரும் அப்படித்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

நெவாடாவெயில்:

பழைய திரி என்று நினைத்துத் திறந்தேன், புதுசு. நான் சில வருடம் கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தேன், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வேகாஸுக்கு அந்த ஐ-15-இல் காரில் போயிருக்கிறேன். எல்லை தாண்டியதும் பிரிம் வரும், பாலைவனத்தின் நடுவில் சம்பந்தமே இல்லாமல் ரோலர் கோஸ்டர் தண்டவாளம் ஓட்டலைச் சுற்றி நிற்கும். கேமில் நீங்கள் பார்க்கப்போகும் அந்த ஓட்டல் அதைப் பார்த்து வைத்ததுதான். கண்ணாடிக்கு வெளியே அதைப் பார்த்ததும் என்னை அறியாமல் கைதிகள் எந்த ஜன்னலில் நிற்பார்கள் என்று தேடினேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி என்ன என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன்.

குட்ஸ்பிரிங்ஸும் நிஜ ஊர். வேகாஸிலிருந்து முக்கால் மணி நேரம், கொஞ்சம் வீடு, ஒரு சலூன். அந்த சலூன் 1913-இல் கட்டியது, பயனியர் சலூன் என்று பெயர், கேமில் ட்ரூடி நிற்கும் இடத்துக்கு அதுதான் மூலம். இப்போது இந்தக் கேம் ரசிகர்கள் வேஷம் போட்டுக்கொண்டு அங்கே போய்க் கூடுகிறார்கள். உங்களைக் கொன்ற குளவிக்கும் மூலம் உண்டு. டாரண்டுலா சிலந்தியைக் கொட்டி மயக்கி அதன்மேல் முட்டையிடும் ஒரு குளவி அந்தப் பாலைவனத்தில் இருக்கிறது, அதே ஆரஞ்சு இறக்கை, விரல் நீளம்தான். அதைக் கேமில் ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்த்துவிட்டார்கள். அடுத்த தடவை மாட்டினால் இறக்கையைப் பார்த்துச் சுடுங்கள், இறக்கை போனால் வேகம் போய்விடும். ஆன்டிவெனம் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. அணுகுண்டுப் போர் கதைக்கு ஏன் வேகாஸைப் பிடித்தார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. 1951-இலிருந்து அமெரிக்க அரசு நிஜமாகவே நெவாடா பாலைவனத்தில் குண்டு வெடித்துச் சோதித்தது, வேகாஸிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி. காளான் மேகம் நகரத்திலிருந்தே தெரியும், அதை வேடிக்கை பார்க்கவே ஓட்டல்களுக்கு ஆள் வந்தார்கள். இது தெரிந்த பிறகு, 2077-இல் உலகமே எரிந்து, 2281-இலும் அந்தத் தெரு மட்டும் விளக்குப் போட்டுக்கொண்டு சூதாடுகிறது என்ற கதை எனக்குக் கற்பனையாகவே தோன்றவில்லை.

முட்டைபோண்டா:

ஹார்ட்கோர் பற்றி யாரும் சொல்லவில்லையே. கஷ்டமாக இருந்தால் செட்டிங்ஸில் எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம் ப்ரோ, ஆனால் ஒரு தடவை அணைத்தால் கடைசியில் கிடைக்கும் பரிசு கிடைக்காது. என் யோசனை, அணைக்காதீர்கள். தாகம், பசி, தூக்கம் மூன்றும் பழகிவிட்டால் பெரிய தொல்லை இல்லை. குட்ஸ்பிரிங்ஸில் பல்லி சுட்ட இடத்துத் தண்ணீர் சுத்தமானது, மீட் ஏரியும் சுத்தம். வேறு எங்கே குடித்தாலும் கதிர்வீச்சைக் காட்டும் கீகர் கவுண்டர் டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். நிஜத் தொல்லை வேறு இடத்தில். குண்டுக்கு எடை உண்டு, ஸ்டிம்பேக் சட்டென்று ஏறாது, மெதுவாகத்தான் ஏறும், கை கால் உடைந்தால் டாக்டரிடமோ டாக்டர் பையிடமோதான் போக வேண்டும். கூட வரும் துணை செத்தால் செத்ததுதான், எழுந்து வர மாட்டார்கள். நான் ஒருத்தரை அப்படி இழந்திருக்கிறேன். யார் என்று சொல்ல மாட்டேன், நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

பிரிம் ஊரில் மொஹாவி எக்ஸ்பிரஸ் அலுவலகத்துக்குள் உடைந்த உருண்டை ரோபோ ஒன்று கிடக்கும். ரிப்பேர் 65 இருந்தால் நேரடியாகச் சரிசெய்யலாம், இல்லையென்றால் உதிரி பாகம் தேடிக் கொடுக்கலாம். அதை விட்டுவிட்டு ஊரைத் தாண்டாதீர்கள், எதிரியை உங்களுக்கு முன்னால் பார்த்துச் சொல்லும்.

நிப்டன் போவதற்கு முன் சேவ் போடுங்கள். எதுவும் கேட்காதீர்கள், விக்கி பார்க்காதீர்கள், போடுங்கள்.

கருப்பட்டிகாபி:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் ஆயிற்று, நிலவரம் சொல்லலாம் என்று வந்தேன். முதலிலிருந்து தொடங்கவில்லை. 3 இன்டெலிஜென்ஸ் மண்டையனோடேயே போகிறேன். தட்டு, கரண்டியை எல்லாம் குட்ஸ்பிரிங்ஸ் டாக்டர் வீட்டிலேயே கொட்டிவிட்டேன், பாவம் மனிதர், உயிரைக் காப்பாற்றியதற்கு அதுதான் கிடைத்தது.

பிரிம் முடித்தேன். உருண்டை ரோபோ கூடவே வருகிறது, சண்டை வந்தால் அது வாசிக்கும் பாட்டு இப்போது போனில் ரிங்டோன். நிப்டன் போனேன். @முட்டைபோண்டா, சேவ் போடச் சொன்னதற்குக் காரணம் புரிந்தது. லாட்டரியில் ஜெயித்தேன் என்று சிரித்துக்கொண்டே ஒருத்தன் எதிரே ஓடி வந்தபோது நானும் சிரித்துவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்து ஊருக்குள் நடந்தேன். அந்த நாய்த்தலைத் தொப்பிக்காரன் பேசி முடித்ததும் சுட்டுப் பார்க்கலாம் என்று கை போனது, அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன், கையை எடுத்துவிட்டேன். முன்பென்றால் எண்ணியிருக்க மாட்டேன்.

இப்போது நோவாக்கில் இருக்கிறேன். டைனோசர் பொம்மை வாய்க்குள் ராத்திரிக் காவல் நிற்கும் அந்த ஆள், மனைவியைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு ஊரிலேயே யாரோ உடந்தை, கண்டுபிடித்து டைனோசர் முன்னால் கூட்டி வா, என் தொப்பியைப் போட்டுக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தன் சிவப்புத் தொப்பியைக் கொடுத்தான். ஊரில் எல்லோரிடமும் பேசினேன், சப்டைட்டில் போட்டு, ஒன்றுவிடாமல். எனக்கு ஒரு கிழவர்மேல்தான் சந்தேகம், அவரைக் கூட்டிப்போகக் கிளம்பியும்விட்டேன். அப்புறம் எதற்கும் என்று மோட்டல் ஆபீஸுக்குள் நுழைந்து பார்த்தால் தரையில் ஒரு பெட்டகம். உள்ளே ஒரு ரசீது. மனைவிக்கு 1000 மூடி, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தனியாக 500, கீழே கையெழுத்து. யார் பெயர் என்று இங்கே எழுதவில்லை, ஆடாதவர்கள் படிப்பார்கள்.

முதல் நாள் எனக்கு ரூம் சாவி கொடுத்துச் சிரித்த முகம் அது. கேமில் இப்போது இரவு ஒன்பது மணி, தொப்பி பையில் இருக்கிறது, அந்த வீட்டுக் கதவு முன்னால் நிற்கிறேன். சேவ் போட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். நாளை ஆபீஸ் முடிந்து வந்து தட்டுகிறேன்.